முதல் இடத்தைக் காலியாக வைத்தவள்

தோஸ்து,

இன்றைக்குக் காலை ஆறே முக்காலுக்குக் கேட்டுக்குள் நுழைந்ததுமே பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. துப்புரவுக்கு வருகிற அம்மா, எடைமேடைக்குப் பக்கத்து அறையில் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டார் போலிருக்கிறது. டிரைவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் அந்தக் கதவோரம் நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். போய்ச் சேர்ந்தவர்களை நினைக்க ஊருக்கு ஊதுவத்தி, மல்லிகைப்பூ என்று என்னென்னவோ இருக்கிறது. எனக்கு வாய்த்தது பினாயில். நீ இருந்தால் இதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தக் கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தோம். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து, நீ காசிமேட்டிலிருந்து. சட்டை, பேன்ட், தொப்பி, விசில், இடுப்பில் பெல்ட் எல்லாம் கொடுத்து, அரை நாளில் பயிற்சி முடிந்துவிட்டது என்றார்கள். பிறந்ததிலிருந்து பேன்ட் போட்டறியாத நான் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தேன். நீ பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கண்ணாடி ஜன்னலில் உன்னைப் பார்த்து, “இன்னாமே, கமாண்டோ மாதிரி கீறனா?” என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்: “கமாண்டோவுக்கு இம்மாந்தொப்ப இருக்காது.” அன்றைக்கு ஆரம்பித்தது நம் சிநேகம். நம் பேச்சும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

மற்ற பெண்கள் போனில் சீரியல் பார்ப்பார்கள், சமையல் பார்ப்பார்கள். உன் போனைத் திறந்தால் ஒரே ஹெலிகாப்டரும் கயிறும்தான். எந்த நாட்டுக் கமாண்டோ எப்படித் தேர்வாகிறான், எத்தனை நாள் பட்டினி கிடக்கிறான், எந்தத் தண்ணீரில் குதிக்கிறான் என்று உனக்குத் தெரியாதது கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவாய். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மகள் கல்லூரி, வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருப்பது என்று எனக்கு ஆயிரம் கவலை. அதற்கு நடுவில் எவனோ எங்கோ மலையேறினால் எனக்கென்ன என்று ஒரு நாள் உன்னிடம் கேட்டேவிட்டேன்.

“உனுக்கின்னாவா? இங்க பாரு இந்த இங்கிலீஷ்காரன. முதுவுல மூட்டையத் தூக்கிக்கினு மலையில தன்னந்தனியா நடக்கறான். கூட ஒருத்தன் கெடையாது. சபாஷ் சொல்ல ஆள் கெடையாது. எத்தினி மணிக்குள்ள போய்ச் சேர்ணும்னு கூட சொல்ல மாட்டாங்களாம். நாம நிக்கறோமே, அத்தப்போலதான்.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நானே, “இன்னிக்கு எந்த ஊர்க்காரன்?” என்று கேட்க ஆரம்பித்தேன்.

பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் நீ போட்டிருந்த பட்டியல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. லாக்கர் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருப்பாய். இடது பக்கம் படைகள். மேலே கட்டங்கள்: தண்ணி, நடை, பசி, பொறுமை, வாய். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எல்லாம் பென்சிலில். “புச்சா வீடியோ வந்தா மாத்தணுமில்ல?” என்பாய்.

தண்ணி என்றால் கடலில் எப்படி என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் உன்னிடம் மார்க் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. உன் அப்பா, அண்ணன்கள், வீட்டுக்காரர் எல்லாருமே கடலுக்குப் போனவர்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் ரப்பர் படகில் அலையைக் குறுக்கே வாங்கியதைப் பார்த்துவிட்டு, “அய்யய்ய, இன்னாடா பண்றே! எங்க ஊட்டுக்காரு பாத்தா துடுப்பாலயே சாத்துவாரு” என்று நீ கத்தியதில் எடைமேடை கிளார்க் வெளியே ஓடி வந்து யாருக்கு அடிபட்டது என்று கேட்டார். நம் கடற்படைக் கமாண்டோக்களுக்கு மட்டும் ஒன்பது போட்டிருந்தாய். மீதி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டதற்கு, “காசிமேட்ல ஒரு சீசனு வலை இஸ்துட்டு வர்ட்டும், போட்றேன்” என்றாய்.

ரஷ்யாக்காரன் மண்டையால் செங்கல்லை உடைப்பதைப் பார்த்து, “செங்கல்லு உன்ன இன்னாடா பண்ணிச்சி?” என்று போனைப் பார்த்தே கேட்டாய். அமெரிக்காக்காரன் விஷயத்தில்தான் நமக்குள் பெரிய சண்டை. குளிரில் கடலோரம் நாள் கணக்கில் தூங்காமல் கிடக்கிறான், உலகமே அவன் பேரைச் சொல்கிறது, அவனுக்குத்தான் முதல் இடம் என்று நான் வாதாடினேன்.

“கஷ்டப்படறான், இல்லன்னு சொல்லல. ஆனா வேலய முட்ச்சிட்டு வெளிய வந்ததும் புக்கு எய்துறான், பேட்டி குடுக்கறான். இப்டிதான் சுவரேறுனேன், அப்டிதான் சுட்டேன்னு. வாய் கட்டத்துல அவனுக்கு சைபரு.”

“அப்ப மொதல் எடம் யாருக்கு? ஒண்ணாம் நம்பர்ல ஒண்ணுமே எழுதல நீ.”

“எப்டி எய்துவேன்? நீயும் நானும் டீ குட்ச்சிகினு ஒருத்தன் பேர சொல்றம்னா, அப்பவே அவன் ரெண்டாவது ஆளாயிட்டான். மொத ஆளு எவன்னு எவனுக்கும் தெரிஞ்சிருக்காதுமே.”

டிரெய்லர் டிரைவர்கள்கூட ரசீதுக்குக் காத்திருக்கும்போது இந்தச் சண்டையில் கலந்துகொள்வார்கள். மாதவரத்துக்காரர் ஒருவர் நம் கறுப்புச் சட்டைக் கமாண்டோதான் நம்பர் ஒன் என்று வாரா வாரம் அடித்துப் பேசுவார். வேகத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்று ஒத்துக்கொண்டு, ஆனாலும் முதல் இடத்தைக் கொடுக்காமல், மிரட்டி அனுப்பிவிடுவாய்.

சிரிப்பும் கும்மாளமுமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். அந்த நாட்களில் நாம் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை கேட்டில் நிற்கிறவர்கள் பெண்கள் நான்கு பேர். உள்ளே வரும் கேட்டில் நீயும் நானும், வெளியே போகும் கேட்டில் கஸ்தூரியும் பாத்திமாவும். பெண்கள் நின்றால் டிரைவர்கள் வாயை அடக்குவார்கள் என்பது மேலே இருந்தவர்களின் கணக்கு. ஆனால் அந்தப் பெண்கள் ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. டிரைவர்களுக்கான கழிப்பறைக்குள் நாம் கால் வைக்க முடியாது, அத்தனை கலீஜ். பெண்களுக்கானது யார்டின் அந்தக் கோடியில், ஆபீஸ் கட்டடத்தில். கன்டெய்னர் அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போய் வர அரை மணி நேரம். எடைமேடைக்குப் பக்கத்திலேயே பெண்களுக்கென்று கட்டிய அறை ஒன்று இருந்தது. அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தோம். “பார்க்கலாம்மா” என்று சூப்பர்வைசர் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்ததோடு சரி.

அதனால் நாம் தண்ணீரே குடிக்காமல் இருந்தோம். எண்ணூர் வெயிலில், டிரெய்லர் புகையில், காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் தொண்டை நனைக்க ஒரு மடக்கு. உன் பட்டியலில் பொறுமைக் கட்டம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. “இந்த கட்டத்துல நாம எல்லா நாட்டுக்காரனையும் தாண்டிட்டோம்” என்று நீ சொல்லுவாய். சிரிப்பேன். சிரித்தால் கூடத் தாங்காது என்பது வேறு விஷயம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நீர் கடுப்பு, முதுகுவலி, உதறல். திருவொற்றியூர் டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “தண்ணியே குடிக்கறதில்லையா? இப்படியே அடக்கி அடக்கி வெச்சீங்கன்னா கிட்னி போயிடும். தண்ணி குடிங்க, இல்லன்னா வேலைய விடுங்க.” வேலையை விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் கேட்டில் உன்னிடம் இதைச் சொல்லிவிட்டு அழுதேன். நீ அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. லாக்கரைத் திறந்து, பட்டியலில் ஒவ்வொரு படையாக விரலை ஓட்டினாய்.

“தோஸ்து, இந்த வேலைக்கு எந்த ஊர்க்காரன இட்டாரலாம்?” என்றாய்.

“வெளையாடாதே, எனக்கு உயிர் போவுது.”

“வெளையாடல. ரஷ்யாக்காரன இட்டாந்தா பூட்ட ஒடைப்பான். அப்பால நம்ம நாலு பேருக்கும் வேல பூடும். கறுப்பு சட்டக்காரன் சரசரன்னு கவுத்துல எறங்குவான், ஆபீசரு பயந்துகினு போலீசுக்கு போன் பண்ணுவாரு. இங்கிலீஷ்காரன்தான் கரீட்டு. கம்முனு நடப்பான். ஒயுங்கா நடப்பான். ஒருத்தருக்கும் தெரியாது.”

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையைக் காட்டினாய். இத்தனை நாளும் நாம் அதைப் படித்ததே இல்லை. இரண்டு காவலர் இல்லாமல் கேட்டைத் திறக்கக் கூடாது, ஒருவர் வண்டிக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும், ஒருவர் பதிவேட்டில் எழுத வேண்டும், காவலர் இடத்தை விட்டு நகர்ந்தால் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஒருத்தி ஓடிப்போய் வருவதற்குள் இன்னொருத்தி ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் பேனாவுமாக இரண்டு பேர் வேலையையும் பார்த்துச் சமாளித்தோம். வண்டி நிற்கக் கூடாதே என்று நமக்கிருந்த அக்கறை, நம்மேல் ஒருவருக்கும் இருக்கவில்லை.

“நாளைலேர்ந்து சமாளிக்கறது கெடையாது. நாலு பேரும் வயிறு ரொம்ப தண்ணி குடிக்கறோம். வந்தா போறோம். போறப்ப எய்திட்டு போறோம். அவ்ளோதான்.”

மறுநாள் நீ பெரிய கேன் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தாய். தோஸ்து, அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பத்து மணிக்கு நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். ‘காவலர் கழிப்பறைக்குச் சென்றார்’ என்று பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு, விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்தேன். நீ கேட்டைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் திரும்பியதும் நீ போனாய். வெளியே போகும் கேட்டில் கஸ்தூரியும் பாத்திமாவும் அதேபோல. முதல் நாள் ஏழெட்டு வண்டி நின்றது. இரண்டாம் நாள் வரிசை டீக்கடையைத் தாண்டியது. நான்காம் நாள் காலையில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பஸ் ஸ்டாப் வரைக்கும் டிரெய்லர்கள். மாதவரத்துக்காரர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, “யக்கா, எந்த நாட்டு கமாண்டோ தாக்குதல் இது?” என்று கேட்டார். நீ காதில் வாங்காதவள் போல கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

கடைசியில் யார்டு ஆபீசர் தானே நடந்து வந்தார். நான் அந்தக் கோடிக்குப் போயிருந்த நேரம் அது, நடந்ததையெல்லாம் மாதவரத்துக்காரர்தான் பிறகு எனக்கு நடித்தே காட்டினார். வந்தவர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். “யாரும்மா கேட்ட மூடச் சொன்னது?” என்று கத்தினார்.

நீ எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, விறைப்பாக நின்றாய். “யாரும் சொல்லல சார். போர்டுல எய்தி கீது சார். ரெண்டு பேரு இல்லாம தொறக்கக்கூடாது. அவங்க பாத்ரூம் போயிகிறாங்க சார். வந்துடுவாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அர மணி நேரம் சார். தூரம் சார்.”

பதிவேட்டைப் புரட்டினார். நான்கு நாட்களும் போன நேரம், வந்த நேரம், கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் தலையைத் தூக்கி எடைமேடைப் பக்கம் பூட்டியிருந்த கதவைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி நடந்தார். அன்று சாயங்காலம் இரண்டு ஆட்கள் வந்து உடைந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை பினாயில் வாசனை. நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். கஸ்தூரி கற்பூரம் ஏற்ற வேண்டும் என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா! இரண்டு நாள் கழித்து டீக்கடையில் சூப்பர்வைசர் வந்து, “பரவால்லம்மா, கேட்டு வாங்கிட்டீங்க” என்றார் நல்லபடியாகத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நாங்களா? எல்லாம் எங்க தோஸ்து போட்ட பிளான் சார். போர்டப் படிச்சது, தண்ணி கேனு கொண்டாந்தது, எல்லாமே அவதான். கமாண்டோ சார் அவ” என்று கையை ஆட்டி ஆட்டிக் கதையையே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் உனக்கு மட்டும் மாற்றல் வந்தது. வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து வைக்கிற ஒரு குடோன் கேட். காசிமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

அன்றைக்கு நான் உன் காலில் விழாத குறை. என்னால்தான், என் வாயால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கோபப்படுவாய், ரெண்டு அறை கூட விடுவாய் என்று நினைத்தேன். நீ லாக்கரைக் காலி செய்துகொண்டே, பட்டியலைப் பிய்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

“அட, அமெரிக்காக்காரி! வேல முடிஞ்சி ரெண்டு நாளு ஆவல, அதுக்குள்ள பேட்டி குட்த்துட்டியேமே! போ, போய் தண்ணி குடி. நான் போன எடத்துல கூட நின்னுகினுதான் இருக்கப் போறேன்.”

உன்னால் எப்படி அப்படிச் சிரிக்க முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் நான் அந்த அறைக்குள் நிம்மதியாகப் போய் வந்திருக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாய். வள்ளூர் காற்று, சாம்பல், புதிதாகப் பார்த்த வீடியோ எல்லாம் பேசுவாய். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் சும்மா பேச்சோடு பேச்சாக, “இங்க கூட பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டிட்டாங்க தோஸ்து” என்றாய்.

“நீதானே?”

“யாருன்னே தெர்ல. நல்ல மனுசன் எவனோ” என்று சொல்லிவிட்டு மீன்குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாய். எத்தனை முறை கேட்டும் கடைசி வரைக்கும் அதைப் பற்றி நீ வாயைத் திறக்கவே இல்லை.

நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. ஒரு விடுமுறை நாள் காலையில், மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். அவ்வளவுதான். காசிமேட்டில் உன் வாசலில் நின்றவர்கள் நல்ல பொம்பளை, உழைப்பாளி, சிரித்த முகம் என்றெல்லாம் சொன்னார்கள். நீ செய்தது ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டும் போல நாக்கு துடித்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர் ஒரு மடித்த தாளை என்னிடம் கொடுத்து, “இது இன்னான்னு எனக்குப் புரில தங்கச்சி. உன்கிட்ட குட்க்க சொல்லிகினே இருப்பா” என்றார்.

காலண்டர்ப் பட்டியல்தான். ஒன்றாம் இடம் அப்படியே காலி. ஆனால் கடைசியில் நான் பார்த்திராத ஒரு வரி சேர்ந்திருந்தது. ‘தோஸ்து’ என்று எழுதியிருந்தாய். தண்ணி: பத்து, கடலுக்கு இல்லை, கேன் தண்ணீருக்கு. நடை: எட்டு. பசி: ஒன்பது. பொறுமை: பத்து. வாய்: பெரிய சைபர், அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று. அந்த வாசலிலேயே உட்கார்ந்து நான் சிரித்தேன், அழுதேன். துக்க வீட்டில் இவளுக்கென்ன பைத்தியமா என்று பார்த்திருப்பார்கள்.

இன்று மத்தியானம் புதிதாக வந்திருக்கும் பெண் காவலர்களில் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டே அந்த அறையிலிருந்து வந்து, “நான் முன்ன வேல செஞ்ச எடத்துலல்லாம் இந்த வசதி கெடையாதுக்கா. இங்க யாருக்கா பேசி வாங்கனது?” என்று கேட்டாள். டீக்கடைக் கதை முழுவதும் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“தெர்லமே. நல்ல மனுசன் எவனோ” என்றேன். சொல்லிவிட்டு ஒரு முழு பாட்டில் தண்ணீர் குடித்தேன். எனக்கே என்மேல் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து அந்தத் தாளை விரித்து வைத்திருக்கிறேன். ஒன்றாம் இடத்தில் உன் பேரை எழுத எத்தனையோ முறை பென்சிலை எடுத்திருக்கிறேன். எழுதினால் நீ இரண்டாவது ஆளாகிவிடுவாய் என்று திரும்பவும் வைத்துவிடுவேன். அதனால்தான் இந்த மடலிலும் உன் பேர் எங்கேயும் இல்லை, பார்த்தாயா? ஆனால் கடைசி வரியில் என் சைபரை மட்டும் இன்றைக்கு ரப்பரால் அழித்துவிட்டு, இரண்டு மார்க் போட்டுக்கொண்டேன். இத்தனையும் எழுதி வைத்துவிட்டேனே, அதற்காக வேண்டுமானால் நீ ஒன்றைக் குறைத்துக்கொள்.